அழுங்கு அழித்த நாலு புள்ளி

அந்தக் காலத்தில் மிருகங்கள் பேசின. பேசியதோடு நிற்காமல் வழக்கும் போட்டன. மலையில் கோர்ட்டா இருந்தது, வக்கீல் வைத்துக்கொள்ள? தகராறு வந்தால் பாறைமேல் தாயக்கட்டம் கீறி, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்துவிடுவார்கள். யார் காய் எல்லாம் முதலில் நடுவீட்டுக்குப் போய்ப் பழமாகிறதோ, அவர் பக்கம் தீர்ப்பு. கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம், நாலிலும் நாவல்பழச் சாற்றால் வைத்த புள்ளி: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வெறும் பக்கம் என்று ஒன்று அப்போது கிடையாது.

அழுங்கு என்று ஒருத்தி இருந்தாள், எறும்புதின்னி என்போமே, அவள்தான். உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில், வாயில் ஒரு பல் கிடையாது, தின்பது கறையான். ஆனால் நகம் இருந்ததே, அப்பப்பா. அந்த நகத்தை விரித்து முன்னால் நீட்டிக்கொண்டுதான் நடப்பாள், வளையல் காட்டுகிறவள் மாதிரி. ஒரே பொழுதில் ஒரு வளை தோண்டிவிடுவாள், நாலு நாளில் அலுத்துப்போய் விட்டுவிட்டு வேறொன்று தோண்டப் போவாள்.

அப்படி அவள் விட்டுப்போன வளை ஒன்றில் முள்ளம்பன்றி ஒருத்தி தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். இரண்டு வருஷமாக. மழைக்காலம் நெருங்கியபோது அழுங்கு வாசலில் வந்து நின்றாள்.

"இது நான் தோண்டினது. காலி பண்ணு."

"தெரியும்க்கா. நீங்க விட்டுட்டுப் போனீங்களேன்னுதான் வந்தோம். மழை முடிஞ்சதும் போயிடறேனே."

"உன் முள்ளெல்லாம் என் சுவரைக் கீறி வெச்சிருக்கு. வாடகைக்கா விட்டேன் உனக்கு?"

வேறு வளை தோண்ட அவளுக்கு ஒரு பொழுது போதும். முள்ளம்பன்றிக்கு அந்தக் கல் தரையில் ஒரு முழம் இறங்காது. இரண்டும் அழுங்குக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். சிலருக்கு, தனக்கு வேண்டாத பொருளை இன்னொருத்தி அனுபவித்தால் வயிறு எரியும்.

கட்டம் கீறினார்கள். மலையே வேடிக்கை பார்க்க வந்தது. மந்தி நடுவில் உட்கார்ந்து எண்ணிக்கை பார்த்தாள். முதல் நாள் முழுக்க ஆடியும் முடியவில்லை. பொழுது சாய்ந்தபோது அழுங்குக்கு ஒரே காய் பாக்கி; ஐந்து விழுந்தால் பழம். முள்ளம்பன்றிக்கு இரண்டு காய். ஒன்றுக்கு எட்டு, இன்னொன்றுக்கு நாலு. காலையில் முதல் உருட்டு முள்ளம்பன்றியுடையது.

கட்டையை வழக்குப் போட்டவள்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். நல்ல வழக்கம், போங்கள். அழுங்கு அவற்றை எடுத்துப்போனாள். எட்டு விழ வேண்டுமென்றால் இரண்டு கட்டையும் நாலாக விழ வேண்டும். நாலே இல்லாவிட்டால்? நகத்தை வைத்து ஒரு இழுப்பு. இரண்டு கட்டையிலும் நாலு புள்ளிப் பக்கம் வழவழவென்று வெறும் மரமாகிவிட்டது. யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று படுத்துத் தூங்கினாள். தூங்கினாள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் தூறல் ஆரம்பித்துவிட்டது. முள்ளம்பன்றியின் குட்டிகள் அம்மாவின் முதுகோரம் ஒண்டி நின்றன. அவள் கட்டையை இரண்டு கைக்குள் தேய்த்து, கண்ணை மூடி, உருட்டினாள்.

இரண்டும் நின்றன. இரண்டிலும் மேல்பக்கம் ஒன்றுமில்லை.

மந்தி குனிந்து பார்த்தாள். கட்டையை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். பிறகு அழுங்கின் கையைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். பத்து நகத்துக்கு அடியிலும் நாவல்பழக் கறையோடு மரத்தூள் அப்பிக்கிடந்தது. அலட்சியக்காரி, கழுவக்கூட இல்லை.

"என்னம்மா இது?" என்றாள் மந்தி.

அழுங்கு ஒரு பொய் தயாராகத்தான் வைத்திருந்தாள். கட்டை பழசு, தேய்ந்துவிட்டது என்று. அதற்கு வாயைத் திறப்பதற்குள் முள்ளம்பன்றி சொன்னாள்:

"விடுங்க, நேத்து பூரா பாறையில உருட்டினோம் இல்லையா, தேய்ஞ்சிருக்கும். அக்கா அப்படியெல்லாம் செய்யறவங்க இல்ல. நான் வேணும்னா மறுபடி உருட்டறேன்."

தன் பொய்யை இன்னொருத்தி வாயிலிருந்து, அதுவும் இரக்கமாகக் கேட்பது எப்படியிருக்கும்? அவள் திட்டியிருந்தால் அழுங்கு பதிலுக்கு நாலு திட்டியிருப்பாள். அதில் அவள் கெட்டிக்காரி. இது திட்டு இல்லையே. காதுமடல் வரை சுட்டது. நகத்தை உள்ளங்கைக்குள் மடக்கினாள். மடக்கினதையும் எல்லோரும் பார்த்தார்கள். குட்டிகளில் சின்னது, "அந்த அத்தை ஏம்மா கையை ஒளிச்சுக்கறாங்க?" என்று கேட்டது. அம்மா அதன் வாயைப் பொத்தினாள்.

"மறுபடி உருட்ட வேண்டாம்," என்றாள் அழுங்கு. "அதை எண்ணிக்கோங்க."

"புள்ளியே இல்லையே, எத்தனைன்னு எண்ண?" என்றாள் மந்தி.

"எட்டு நான் அழிச்சது. நாலு அதுக்கு மேல, என் அபராதம். பன்னிரண்டு."

மந்தி முள்ளம்பன்றியின் காயை எட்டு கட்டம் நகர்த்தினாள். மற்றதை நாலு கட்டம். இரண்டும் பழமாயின. யாரும் கைதட்டவில்லை. தட்டியிருந்தால் அந்தச் சத்தத்திலாவது அழுங்கு நழுவிப் போயிருப்பாள். முள்ளம்பன்றி அருகில் வந்து, "மழை பெரிசா வருதுக்கா, நீங்களும் உள்ளே வந்துடுங்க," என்றபோது அவளால் தாங்க முடியவில்லை. தலையை வயிற்றுக்குள் செருகி, வாலை மேலே போர்த்தி, பாறைமேல் பந்தாகச் சுருண்டாள். கூப்பிட்டார்கள், தட்டினார்கள், உருட்டிக்கூடப் பார்த்தார்கள். எல்லோரும் கலைந்து போகும் வரை அவள் முகம் வெளியே வரவில்லை.

அன்று முதல்தான் அழுங்கு நகத்தை உள்ளே மடக்கிப் புறங்கையை ஊன்றி நடக்கிறது, ஆள் அரவம் கேட்டால் சுருண்டு முகத்தை மறைக்கிறது. தாயக்கட்டையில் ஒரு பக்கம் வெறுமையாக இருப்பதும், இரண்டு வெறுமையும் சேர்ந்து விழுந்தால் நாம் யோசிக்காமல் பன்னிரண்டு என்று எண்ணிக்கொள்வதும் அன்று முதல்தான்.