ஒண்ணு, ரெண்டு, நாலு

படுத்தியா? காலை ஆட்டாதே. பெரியம்மாவுக்கு இன்னிக்கு இடுப்பே கழண்டு போச்சு. ஒரே ஒரு கதைதான். ‘ம்’ கொட்டிக்கிட்டே வரணும். கொட்டலேன்னா நீ தூங்கிட்டேன்னு நெனச்சு நானும் தூங்கிடுவேன், சொல்லிட்டேன்.

ஒரு ஊர்ல ஒரு போட்டோக்காரி இருந்தா. சொந்தமா ஸ்டுடியோ வெச்சிருந்தா. நல்லவதான், ஆனா மூக்குக்கு மேல கோவம் வரும்.

“அது நீதானே பெரியம்மா?”

குறுக்கே பேசாதேடி பவானி. கதையில வர்றவ வேற. அவ ஒல்லியா இருப்பா.

“ம்.”

அப்புறம் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டு, அப்பாடான்னு உக்காரப் போறா, ஒரு குடும்பம் வந்துச்சு. அப்பா, அம்மா, குயிலின்னு ஒரு சின்னப் பொண்ணு. அந்த அப்பா அன்னிக்கு அஞ்சு மணிக்கு பஸ் ஏறி, அப்புறம் பிளேன் ஏறி, குவைத்துக்கு வேலைக்குப் போகணும். இனிமே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வருவார். கையோட கொண்டுபோக ஒரு குடும்பப் படம் வேணும். பெட்டியெல்லாம் கடை வாசல்லயே நிக்குது.

“சரி, நில்லுங்க”ன்னா போட்டோக்காரி. அப்பா நின்னார். பொண்ணு நின்னா. அம்மா, செல்வராணின்னு பேரு, அவ மட்டும் நகரவே மாட்டேங்குறா. “நாங்க மூணு பேரா நிக்கமாட்டோம்”ங்குறா. மூணு பேர் சேந்து படம் எடுத்தா ஆகாதாம்!

போட்டோக்காரிக்கு பத்திக்கிட்டு வந்துச்சு. “இந்தக் காலத்துலயுமாம்மா இதெல்லாம்?”னு கேட்டா. அதுக்கு செல்வராணி, “நான், எங்கப்பா, எங்கம்மான்னு மூணு பேரா எடுத்தோங்க. அடுத்த பொங்கலுக்கு எங்கப்பா இல்ல. இப்ப இவரு கண் காணாத தேசத்துக்குப் போறாரு. எனக்கு பயமா இருக்கு”ன்னா. 

“பக்கத்துக் கடை அக்காவைக் கூப்பிட்டு நிக்க வெக்கலாம்ல?”

அதையும் சொன்னாடி. “எங்க வீட்டுப் படத்துல வேத்தாள் எதுக்கு? நாலாவது ஆளைக் கூட்டிட்டுத்தான் வந்திருக்கோம்”னுட்டு, வாசலைப் பாத்து “போண்டா!”ன்னு கூப்பிட்டா. உள்ள வந்துச்சு பாரு ஒரு நாய்! வந்ததும் வராததுமா, பின்னாடி தொங்க விட்ட நீலத் துணிக்கிட்ட போயி, மோந்து பாத்து, காலைத் தூக்கிச்சு.

“அய்யே! போயிடுச்சா?”

நல்லவேளை, அதுக்குள்ள நான் கத்தினேன். இல்ல, அவ கத்தினா.

“ம்... ம்.”

சிரிக்காதே, தூக்கம் போயிடும். அப்புறம் போண்டாவை நடுவுல உக்கார வெச்சாச்சு. எல்லாம் ரெடி. “ஒண்ணு”ன்னா. நாய் செலை மாதிரி உக்காந்திருக்கு. “ரெண்டு”ன்னா. காது மட்டும் விறைச்சுக்குது. பரவாயில்லையே, சொன்ன பேச்சு கேக்குதேன்னு “மூணு”ன்னா பாரு, விருட்டுன்னு ஒரே பாய்ச்சல்! டமார்! குடை லைட்டு கீழ. பாஞ்ச நாய் ஸ்டூலுக்கு அடியில போயி எதையோ தேடுது. குயிலி, “ஆன்ட்டி, அது வந்து...”ங்குறா. “நீ ஆடாம நில்லு தங்கம், அது போதும்”னுட்டா போட்டோக்காரி.

அப்புறம் ரெண்டாவது தடவை. செல்வராணியோட துப்பட்டாவை எடுத்து நாயை நாற்காலியோட கட்டினாங்க. ஒண்ணு, உக்காந்திருக்கு. ரெண்டு, உக்காந்திருக்கு. மூணு! தரதரதரன்னு நாற்காலியையும் இழுத்துக்கிட்டு ஓடுது. “ஆன்ட்டி, போண்டா எதுக்கு...”ன்னா குயிலி. “சும்மா இருடி”ன்னு இப்ப அவங்கம்மாவே அதட்டினா.

“பாவம் குயிலி.”

யாரு பாவம்? போட்டோக்காரி பாவமில்லையா? மணி நாலே கால். அப்போ அந்த அப்பா, “நான் தூக்கி வெச்சுக்கிறேன்”னு நாயை மார்போட இறுக்கிப் புடிச்சார். ஒண்ணு, ரெண்டு, மூணு! டர்ர்ர்ர்! ஊருக்குப் போட்டுக்கிட்டுப் போகத் தெச்ச புதுச் சட்டைடி! நாயோட நகம் மாட்டி பாக்கெட்டு பிஞ்சு வந்துடுச்சு. நாய் மறுபடியும் ஸ்டூலுக்கு அடியில போயி தேடுது.

“போதும்டா சாமி, இந்த நாய் என் உசிரை வாங்குது”ன்னு போட்டோக்காரி கேமராவை வெச்சுட்டா. செல்வராணி கண்ணெல்லாம் தண்ணி. “படமே வேணாம். வெறுங்கையோடவே போகட்டும்”னா. அப்பா கிழிஞ்ச பாக்கெட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறார். பாக்கவே கஷ்டமா இருந்துச்சுடி எனக்கு.

“ம்.”

அப்போ குயிலி ஓன்னு அழுதுக்கிட்டே கத்தினா: “மூணு சொன்னா அது ஓடத்தான் செய்யும்! நான் மூணு சொல்லித்தான் பந்து போடுவேன்! யாருமே கேக்க மாட்டேங்குறீங்க!”

அட கடவுளே! பந்தைத்தான் அது தேடியிருக்கு. போட்டோக்காரிக்கு யாரைத் திட்டுறதுன்னே தெரியல, தன்னையே திட்டிக்கிட்டா. “அப்ப நான் எண்ணாமலே எடுக்குறேன்”னா. “அய்யோ ஆன்ட்டி, எண்ணலேன்னா உக்காரவே உக்காராது”ங்குறா குயிலி. எண்ணவும் வேணுமாம், மூணும் வரக்கூடாதாம். என் தலையெழுத்தைப் பாத்தியா?

சரின்னு எல்லாரையும் நிக்க வெச்சா. பாக்கெட்டு இருந்த எடத்துல குயிலியை ஸ்டூல் மேல ஏத்தி நிறுத்தி மறைச்சா. “ஒண்ணு.” செலை. “ரெண்டு.” காது விறைக்குது. “நாலு!”

நாய்க்கு ஒண்ணும் புரியல. தலையை ஒருபக்கமா சாய்ச்சு, ‘என்னம்மா, நடுவுல ஒண்ணை விட்டுட்டியே’ன்னு போட்டோக்காரியையே பாக்குது. மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. க்ளிக்!

அப்புறம் பிரிண்ட் போட்டுக் கையில குடுத்தா, செல்வராணி விரல் வெச்சு எண்ணுறா. பொண்ணு மேல வெச்சு “ஒண்ணு”. புருஷன் மேல வெச்சு “ரெண்டு”. தன் மேல விரலை வெச்சவ போண்டாவைப் பாத்தா. அது பாயத் தயாரா நிக்குது! நாக்கைக் கடிச்சுக்கிட்டு, விரலைப் படத்துல இருக்குற நாய் மேல நகத்தி “நாலு”ன்னா. “மூணையே காணோமே, ராணி”ன்னார் அவ புருஷன். அவ்ளோதான், அவர் கையைப் புடிச்சுக்கிட்டு விசும்பி விசும்பி அழுதா. அப்புறம் நாயும் பெட்டியுமா பஸ்ஸுக்கு ஓடினாங்க.

“பெரியம்மா, அந்த அப்பா திரும்பி வந்துடுவார்ல?”

வருவார்டி. வராம என்ன? நாலு பேரா நின்ன படமாச்சே, நானே எடுத்தேனே.

“அப்போ அது நீதான்!”

சரி, நான்தான். பஸ்ஸும் போயாச்சு, கதையும் போயாச்சு. நான் எண்ணி முடிக்கிறதுக்குள்ள கண்ணை மூடணும். ஒண்ணு... ரெண்டு...

...

பவானி? தூங்கிட்டியா?

நாலு.