முள்ளம்பன்றி வீட்டின் ஐந்தாவது இலை

ஒரு காட்டில், பாறைகள் முடிந்து புல் தொடங்குகிற சரிவில், ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் வளை தோண்டிக் குடியிருந்தது. தாயின் பெயர் சடைச்சி. தகப்பன் கூரன். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவள் தும்பை, எதையும் ஒருமுறை பார்த்தால் அப்படியே செய்துகாட்டுவாள். நடுவிலவன் மொந்தன், அவனுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைவில்லை. கடைக்குட்டி சிட்டான் கேள்வி கேட்டே காதைத் துளைப்பான்.

பொழுது விடிந்தால் சடைச்சிக்கு வேலைதான். ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருவாள். சரிவில் இறங்கிக் கிழங்கு தோண்டுவாள். தினையைக் குத்திப் புடைத்து உலையில் போடுவாள். உலை கொதிக்கும்போதே கிழங்கைச் சாம்பலுக்குள் புதைத்துவிடுவாள். பானையை மூடிய ஓட்டின்மேல் கீரையைப் பரப்பி வைப்பாள். கீழிருந்து ஏறுகிற சூட்டிலேயே அது வதங்கிவிடும். கஞ்சி இறங்குகிற நேரத்தில் கிழங்கும் வெந்திருக்கும், கீரையும் சுருண்டிருக்கும். எல்லாம் ஒரே நெருப்பில்.

"எப்படி அம்மா எல்லாம் ஒரே சமயத்தில் முடிகிறது?" என்று சிட்டான் கேட்பான்.

"உங்கள் பசி மட்டும் ஆளுக்கொரு சமயத்திலா வருகிறது?" என்பாள் சடைச்சி.

பிறகு நான்கு தேக்கிலைகளை விரிப்பாள். கூரனுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்று.

"நீ சாப்பிடவில்லையா?" என்று கூரன் கேட்பான். கேட்கும்போதே அவன் வாயில் பாதிக் கிழங்கு இருக்கும்.

"நான் அப்போதே சாப்பிட்டுவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, சடைச்சி முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

எல்லோரும் கை கழுவிப் போன பிறகு பானையைச் சாய்ப்பாள். அடியில் ஒட்டியிருக்கும் காந்தலை நகத்தால் சுரண்டித் தின்பாள். அதுதான் அவளுடைய சாப்பாடு.

இந்தப் பொய் ஒரு கோடையில் பிறந்தது. அந்த ஆண்டு மழை வரவேயில்லை. ஊற்று சொட்டுச் சொட்டாகத்தான் கசிந்தது, கிழங்குகள் விரல் பருமனில் கிடைத்தன. பிள்ளைகள் அப்போது மிகவும் சின்னவர்கள். அவர்கள் அழுதபோது சடைச்சி தன் பங்கைப் பிட்டுக் கொடுத்து, "நான் அப்போதே சாப்பிட்டுவிட்டேன்" என்றாள். அன்றைக்கு அந்தப் பொய்க்கு ஒரு வேலை இருந்தது.

அடுத்த ஆண்டு மழை பெய்தது. கிழங்கு தொடை தொடையாகப் பருத்தது. தினைக் குதிர் நிரம்பியது. வந்த வேலை முடிந்தும் பொய் மட்டும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. வளைக்கு மேலே இருந்த இலுப்பை மரத்தில் ஒரு மைனா கூடு கட்டியிருந்தது. யார் வீட்டில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமலிருக்க அதற்குத் தெரியாது.

"சடைச்சி அக்கா, உன்னைப் போல ஒரு தாய் இந்தக் காட்டில் உண்டா? நானும் பார்க்கிறேன், நீ ஒரு வாய் உட்கார்ந்து தின்று நான் பார்த்ததில்லை!" என்று அது நாள் தவறாமல் சொல்லும்.

"அட, போ மைனா" என்பாள் சடைச்சி. ஆனால் அந்தச் சொல் அவளுக்கு அரை வயிற்றை நிரப்பிவிடும். மீதி அரை வயிற்றுக்குக் காந்தல் போதும் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் ஊற்றங்கரையில் சிட்டான் முயல்குட்டியிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தான்.

"எங்கள் அம்மாவுக்குப் பசியே கிடையாது, தெரியுமா?"

"அப்படியா? எங்கள் அம்மா பேசும்போதுகூட எதையாவது மென்றுகொண்டேதான் பேசுவாள்" என்றது முயல்குட்டி வெட்கத்தோடு.

தண்ணீர் மொண்டுகொண்டிருந்த சடைச்சி அதைக் கேட்டாள். திருத்தியிருக்கலாம். அவளோ சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

சில நாள் கழித்து, கிழங்கு தோண்டும்போது மேலே இருந்த கல் உருண்டு வந்து சடைச்சியின் பின்னங்காலில் விழுந்தது. கூரன் அவளைத் தாங்கிப் பிடித்து வளைக்குக் கொண்டுவந்தான். பச்சிலை அரைத்துக் கட்டினான்.

"எலும்பு கூடுகிறவரை நீ அசையக் கூடாது. கிழங்குக்கு நான் போகிறேன். தும்பை சமைக்கட்டும்."

"அவளுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றாள் தும்பை.

உண்மையிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உலை வைத்தாள். கொதி வந்த பிறகே தினையைப் போட்டாள். கிழங்கைச் சாம்பலில் புதைத்தாள், ஓட்டின்மேல் கீரையைப் பரப்பினாள். படுத்திருந்த சடைச்சி, "உப்பு!" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் உப்பும் விழுந்துவிட்டது. சடைச்சியின் நெஞ்சு நிறைந்தது.

தும்பை தேக்கிலைகளை விரித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

சடைச்சி தன் பக்கம் ஓர் இலை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"அம்மாவுக்கு இலை போடவில்லையே?" என்றான் சிட்டான்.

"அம்மா எப்போது சாப்பிட்டிருக்கிறாள்? உனக்குத் தெரியாதா என்ன?" என்றாள் தும்பை.

கூரன் தலை நிமிர்ந்தான். "சடைச்சி, உனக்கு ஏதாவது வேண்டுமா?"

வேண்டும் என்றுதான் அவள் சொல்ல நினைத்தாள். ஆனால் பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"நான் அப்போதே சாப்பிட்டுவிட்டேன்."

கூரன் தலையாட்டிவிட்டுக் குனிந்துகொண்டான். அசைய முடியாமல் படுத்திருப்பவள் எப்போது எழுந்தாள், எங்கே போய் எதைத் தின்றாள் என்று ஒருவருமே கேட்கவில்லை. தும்பை பானையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அன்றைக்குக் காந்தல்கூட இல்லை.

மறுநாள் எப்படியும் கேட்டுவிடுவது என்று சடைச்சி முடிவு செய்தாள். கஞ்சி மணக்கத் தொடங்கியது. வாயைத் திறக்கப்போன நேரத்தில் மைனா வாசலில் வந்து இறங்கியது.

"காலொடிந்து கிடக்கும்போதும் எனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்கிறாளா பார்! உன் பேச்சுத்தான் அக்கா காடு முழுவதும். அந்தக் கீரிப்பிள்ளை வீட்டில் பிரசவித்தவள் படுத்துக்கொண்டு, அதைக் கொடு இதைக் கொடு என்று உயிரை வாங்குகிறாளாம்!"

சடைச்சி வாயை மூடிக்கொண்டாள். மைனா போன பிறகு தண்ணீர் குடித்தாள். சிட்டான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து இலையால் விசிறினான். பிள்ளைகள் அன்பில்லாதவர்கள் அல்லர். அவர்களுக்குச் சொன்னதை அவர்கள் நம்பினார்கள், அவ்வளவுதான். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் கால் புண் கொதித்தது. ஆறுவதற்கு உடம்பில் தெம்பில்லை. கண்ணை மூடினால் தலை சுற்றியது.

அன்று தும்பை சமைத்து முடித்து இலைகளை விரித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

சடைச்சி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"எனக்கு இன்னும் ஒரு அகப்பை!" என்றான் மொந்தன்.

தும்பை பானையைப் பார்த்தாள். கொஞ்சமே இருந்தது. அதையும் வழித்து அவன் இலையில் ஊற்றினாள்.

"அக்கா, நீ?" என்றான் சிட்டான்.

"நான் அப்போதே சாப்பிட்டுவிட்டேன்" என்றாள் தும்பை. சொல்லிவிட்டு முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தக் குரல் சடைச்சியின் குரலாகவே இருந்தது. அந்தத் திரும்பலும் அவளுடையதே. தும்பை பானையைச் சாய்த்து, யாரும் பார்க்காதபடி நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். சின்ன நகம். காந்தல் எளிதில் வரவில்லை.

அன்றும் வாசலில் வந்து உட்கார்ந்திருந்த மைனா சிறகை அடித்துக்கொண்டது.

"பார்த்தாயா அக்கா! தாயைப் போலவே பெண்! இந்த வயதிலேயே என்ன பொறுமை! இவளைப் போல ஒரு பெண் இந்தக் காட்டில் உண்டா?"

தும்பையின் முகம் மலர்ந்தது. பசியில் வெளுத்துப்போன முகம். அதில் அந்த மலர்ச்சி. சடைச்சியால் அதைப் பார்க்க முடியவில்லை.

"எனக்குப் பசிக்கிறது" என்றாள்.

மொந்தனின் வாய்கூட நின்றுவிட்டது.

"அம்மாவுக்குப் பசிக்குமா?" என்றான் சிட்டான்.

"பசிக்கும். எப்போதுமே பசித்தது. நான் ஒருநாளும் முன்னதாகச் சாப்பிட்டதில்லை. அது பொய்."

கூரனின் முட்கள் ஒருமுறை சிலிர்த்து அடங்கின. "நான் கேட்டேனே, சடைச்சி. தினமும் கேட்டேனே."

"கேட்டீர்கள். பதிலைத்தான் மென்று விழுங்கிவிட்டீர்கள்."

அவன் தன் இலையைத் தள்ளி வைத்துவிட்டான்.

தும்பைக்குக் கோபம் வந்தது. "பொய் சொன்னால் முள் உதிர்ந்துபோகும் என்று நீதானே எங்களைப் பயமுறுத்தினாய்?"

சிட்டான் எழுந்து அம்மாவின் முதுகை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். எல்லா முட்களும் இருந்தன.

"அதுவும் பொய்தானா?" என்றான்.

அத்தனை வலியிலும் சடைச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுவும்தான்" என்றாள். பிறகு மூத்த மகளைப் பக்கத்தில் அழைத்தாள்.

"நீ எப்போது சாப்பிட்டாய்?"

"அப்போதே."

"எதை?"

தும்பை காந்தல் ஒட்டிய நகத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"சமைக்கிறவள் சாப்பிடக் கூடாது என்று நினைத்தேன். அதுவும் சமையலில் சேர்த்தி என்று நினைத்தேன்" என்றாள் விம்மலுக்கு நடுவே.

கூரன் எழுந்தான். அடுப்பை ஊதினான், புகை கண்ணில் ஏறியது. "பானையில் தினை எத்தனை பிடி போடுகிறாய்?" என்று மகளைக் கேட்டான்.

"அம்மா போடுகிற அளவுதான். நாலு பிடி."

"வீட்டில் எத்தனை பேர்?"

தும்பை விரலை மடக்கி எண்ணினாள். எண்ணி முடித்ததும் தாயைப் பார்த்தாள். சடைச்சி தலையைக் குனிந்துகொண்டாள். மழை தவறிய கோடையில் குறைத்த பிடியை, குதிர் நிரம்பிய பிறகும் அவள் கூட்டவே இல்லை.

புதிதாக உலை வைத்தார்கள். மொந்தன் கிழங்கு பொறுக்கிவந்தான். வழியில் ஒன்றைக் கடித்தும்விட்டான். கஞ்சி கொதித்து இறங்கியதும் தும்பை ஐந்து இலைகளை விரித்தாள்.

"சரி, நான் வருகிறேன்" என்று மைனா மெல்ல நழுவியது.

"இரு மைனா. நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்றாள் சடைச்சி.

"ஐயோ, எனக்கு வேண்டாம் அக்கா. குஞ்சுகளுக்கு ஊட்டும்போது நானும் அப்போதே..."

எல்லோரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மைனா அலகை மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றி நின்றது. பிறகு சத்தமில்லாமல் வந்து ஓரமாக உட்கார்ந்தது. சிட்டான் அதற்கும் ஓர் இலை எடுத்துவந்தான்.

முதல் அகப்பைக் கஞ்சி சடைச்சியின் இலையில் விழுந்தது. அவள் கை வழக்கம்போல் அதை மொந்தன் பக்கம் நகர்த்தப் போனது. கையை இழுத்துக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். நாக்கு சுட்டது. பானையின் மேல்பக்கத்துக் கஞ்சி எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அது கொழகொழவென்று, லேசான இனிப்போடு, தினையின் மணத்தோடு இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது வாய் குடித்தாள். பக்கத்தில் தும்பையும் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு இன்னும் ஒரு அகப்பை!" என்றான் மொந்தன்.

சடைச்சி கண்ணைத் திறக்கவில்லை.

"கொஞ்சம் இரு. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்."

மொந்தன் அம்மாவையே பார்த்துக்கொண்டு, காலி இலையின் முன்னால் காத்திருந்தான்.

நீதி: தன் பசியை மறைத்துப் பரிமாறுகிறவர், பசியை மறைக்கவே பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறார்.