ஆவணிவரை ஒரு வாக்கு

இது மூன்று பேர் கதை. மூவர் மீதும் குறை சொல்ல இடமிருக்கிறது. யார் பக்கம் நியாயம் என்பதில் நானே பலமுறை மனம் மாறியிருக்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

கரூரில் கொசுவலைத் தறிகள் வைத்திருப்பவர் நாச்சிமுத்து. அவர் மகள் கோகிலவாணிக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் நடக்காது. வருமான வரிக் கணக்கில் அவளைத் தன்னைச் சார்ந்தவளாகக் காட்டி, மாற்றுத்திறனாளி மகளைப் பராமரிப்பதற்கான வரிக் கழிவை அவர் ஆண்டுதோறும் பெற்றுவந்தார். அதில் மிச்சமாகும் வரி அவருக்குப் பெரிதல்ல. "நான் இருக்கிறவரைக்கும் எம்புள்ள எவன் கையையும் பார்க்க வேண்டாம்" என்று ஆடிட்டர் வரதராஜனிடம் சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை.

கோகிலவாணியோ படுக்கை விரிப்புகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் வரைந்து ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு விற்றுவந்தாள். பொழுதுபோக்கு என்று அப்பா நினைத்திருந்தார். வருமானம் வரி கட்டும் அளவுக்கு வளர்ந்ததும் அவளும் வரதராஜனிடமே வந்தாள். தனியாக வாழக் கோவையில் வீடும் பார்த்திருந்தாள். ஆடியில் யாரும் குடிபோவதில்லை என்பதால் ஆவணியில்தான் சாவி கிடைக்கும்.

"சாவி வந்ததும் நானே அப்பாகிட்டச் சொல்லிக்கிறேனுங்க மாமா. முன்னாடியே தெரிஞ்சா அழுதே என்னை நிறுத்திப்போடுவாரு."

"என் வாயிலிருந்து வராது கண்ணு" என்றார் வரதராஜன். மாற்றுத்திறனாளிக்குரிய கழிவை அவள் கணக்கிலேயே போட்டார். இனி அதைத் தந்தை கோர முடியாது.

ஆடி பாதியில், கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது நாச்சிமுத்து வந்தார்.

"இந்த வருஷம் பாப்பாவை உங்க கணக்குல காட்ட முடியாதுங்க."

"ஏனுங்க, எம்புள்ள எந்திரிச்சு நடந்துட்டாளா?"

"காரணம் கேட்காதீங்க."

"எம்புள்ளையப் பத்தி எனக்குத் தெரியக்கூடாத காரணமா?"

வரதராஜனுக்குப் பொய்க் கணக்குப் போட மனமில்லை. மகள் கணக்கைத் தந்தையிடம் சொல்ல உரிமையில்லை.

"நடக்கவும் இல்ல, என்னைச் சார்ந்தவளும் இல்லைன்னா, அப்ப அவ சம்பாதிக்கிறா. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது" என்று நாச்சிமுத்து எழுந்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் ஒன்றே கேட்டார்: "எங்கிட்டச் சொல்ல என்ன கண்ணு பயம்?"

"மாமா சொல்லிட்டாரா?"

"அவரு சொல்லல. நீயும் சொல்லல."

அதன்பின் அவளிடம் அவர் பேசவில்லை. அழுது தடுப்பார் என்று அவள் பயந்திருந்தாள். அவர் தடுக்கவே இல்லை. ஆவணியில் அவள் வாடகைக் காரில் தனியாகக் கோவைக்குப் போனாள்.

மகள் மறைத்தாள். ஆடிட்டர் வாய் திறக்காமலே காட்டிக்கொடுத்தார். தந்தை துருவிக் கண்டுபிடித்து, மௌனத்தால் மகளைத் தண்டித்தார். இவர்களில் நம்பிக்கையைக் கெடுத்தவர் யார்?

என் விடை: வரதராஜன். தந்தையிடம் அவர் மறுத்ததும் சரி, காரணம் சொல்லாததும் சரி. பிழை அதற்கு முன்னால் நடந்தது. இரண்டு கணக்கையும் அறிந்தவர் அவர் ஒருவர்தான். ஆவணிக்கு முன்பே தந்தையிடம் மறுக்க நேரும், மறுத்தால் அவர் ஊகித்துவிடுவார் என்று தெரிந்திருக்க வேண்டியவரும் அவர்தான். "இந்த ரகசியம் என்னிடம் தாங்காது, அப்பாவிடம் முதலில் நீயே பேசிவிடு" என்று சொல்லாமல், காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்தார். ஆனால் நாச்சிமுத்து இன்றும் அவரிடம்தான் கணக்கைக் கொடுக்கிறார். நாக்கைக் கட்டிய மனிதர் என்று மெச்சுகிறார். மகள் போன் செய்தால் மட்டும் எடுப்பதில்லை.