இலை போட்ட பிறகு

டர்ர்ர்ர்னு வருது வண்டி. நாய் பிடிக்கிற வண்டி. அதுக்கு முன்னாடி தொப்புதொப்புன்னு ஓடுறார் சாணை பிடிக்கிற அய்யம்பெருமாள். தோள்ல சாணைச் சக்கரம், கக்கத்துல அவரோட நாய் சில்லு. எந்த ஊர்னு கேக்காத. ஒரு பஸ் ஸ்டாண்டும் மூணு சாப்பாட்டுக் கடையும் இருக்குற ஊர். ம் சொல்லு.

"ம்."

ஒரு சந்துக்குள்ள பூந்தார். வண்டி தாண்டிப் போயிருச்சு. ஆனா அன்னைக்கு முழுக்க அது தெருத்தெருவா சுத்தும். தனியா நிக்கிற நாயெல்லாம் அதுக்குள்ள போயிரும். அய்யம்பெருமாளுக்கோ நேத்துலருந்து சாப்பாடு இல்ல. சில்லுவுக்கும் இல்ல.

அப்புறம் மொதக் கடைக்குப் போனார். கண்ணாடிக் கதவு வச்ச கடை. தொப்பி போட்ட காவக்காரர் கையை நீட்டினார்.

"நீங்க போலாம் பெரியவரே. அது போகக்கூடாது."

"அது நானில்லாம இருக்காதே."

"அப்ப நீங்களும் வெளியவே இருங்க."

அப்புறம் ரெண்டாவது கடை. "கம்பத்துல கட்டிட்டு வாங்க அண்ணாச்சி"ன்னாங்க. கட்டிட்டு வந்து உக்காந்தார். இட்லி வந்துச்சு, ஆவி பறக்க. ஒரு விள்ளல் பிட்டார். அப்போ தெருவுல டர்ர்ர்... பிட்டதைப் போட்டுட்டு எந்திரிச்சு ஓடினார். கயித்தை அவுத்து, சில்லுவைத் தூக்கி, விறுவிறுன்னு ஒரே ஓட்டம். தூங்கிட்டியா?

"இல்ல. வண்டி புடிச்சுருச்சா?"

புடிக்கல. மூணாவதா சொர்ணத்தாய் மெஸ். மத்தியானக் கூட்டம், கசகசன்னு. ரெண்டு பேர் இருந்த பெஞ்சுல அய்யம்பெருமாள் உக்காந்தார். பக்கத்துல லபக்குனு ஏறி சில்லுவும் உக்காந்துச்சு. பரிமாறுற பரமுவுக்குக் கண்ணுல பொரை. மூஞ்சி பாக்க மாட்டார், தலையைத்தான் எண்ணுவார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சட் சட் சட் சட்டுனு இலை போட்டு, தண்ணியும் தெளிச்சுட்டார். நாலாவது தலை சில்லு.

எதிர் பெஞ்சுல எமிலி டீச்சர். "அய்யோ ஆண்டவரே!"

சொர்ணத்தாய் கரண்டியோட ஓடி வந்தாங்க. பாத்தாங்க. அப்படியே நின்னுட்டாங்க. ஏன்னா, அந்த மெஸ்ல இலை போட்டாச்சுன்னா யாரையும் எழுப்பக்கூடாது. அவங்க மாமியார் காலத்துலருந்து அப்படித்தான்.

"ஏம்மா, சண்டை போட்ட சம்பந்தி வந்து உக்காந்தப்பவே நீங்க எழுப்பலையே!"ன்னான் ஒருத்தன்.

"அவரும் கொஞ்சம் குலைக்கத்தான் செஞ்சாரு"ன்னான் இன்னொருத்தன்.

எல்லாரும் சிரிச்சாங்க. எமிலி டீச்சர் சிரிக்கல. "எட்டு வயசுல என்னை நாய் கடிச்சிருக்கு. தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. நீங்க சாப்பிடுங்க, நான் எந்திரிக்கிறேன்."

"உங்களுக்கும் இலை போட்டாச்சே டீச்சர்!"ன்னாங்க சொர்ணத்தாய்.

அப்போ அய்யம்பெருமாள் சில்லுவைத் தூக்கினார். "நாங்க போயிர்றோம் தாயி."

"உக்காருங்கன்னேன்! வண்டி சுத்துதுல்ல?"

அப்புறம் சொர்ணத்தாய் என்ன செஞ்சாங்க தெரியுமா? சில்லுவோட இலையை ரெண்டு கையாலயும் அலுங்காம தூக்கினாங்க. சுவர் ஓரமாத் தரையில விரிச்சாங்க. அது மேல சோறு, பருப்பு. சில்லு கீழ குதிச்சு, இலைக்குப் பின்னாலயே டக்கு டக்குனு போயிருச்சு.

"நான் யாரையும் எழுப்பல. இலைதான் எடம் மாறியிருக்கு. டீச்சர், இவ்வளவு தூரம் போதுமா?"

"இன்னும் ரெண்டடி."

இலையை வாசப் பக்கமா ரெண்டடி தள்ளினாங்க. சில்லுவும் ரெண்டடி தள்ளிப் போச்சு.

"இப்ப?"

டீச்சர் மெதுவா உக்காந்தாங்க. பரமு சாம்பார் வாளியோட வந்தார். அய்யம்பெருமாள் மொத வாய் சோத்தை அள்ளி வச்சுட்டு, கண்ணை மூடிக்கிட்டார். சில்லு சளப்பு சளப்புன்னு தின்னுச்சு. சோறு ஆச்சு, ரசம் ஆச்சு, மோரும் ஊத்தியாச்சு, கதைக்கும் வயிறு ரொம்பிருச்சு. நீயும் கண்ணை மூடு.

"டீச்சர்?"

அவங்களா? சாப்பிட்டாங்க, கை கழுவினாங்க, எதிர்ச் சுவரை ஒட்டி ஒட்டி வாசலுக்கு வந்தாங்க. தெருமுனையில வண்டி திரும்பிக்கிட்டு இருந்துச்சு. இவங்க படியில எறங்கி, பகலெல்லாம் தெறந்தே கெடக்குற மெஸ் கதவை இழுத்துச் சாத்திட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போனாங்க.