கோட்டைவாசலில் கேட்ட கேள்விகள்

பூவரசூர் மன்னர் கனகசபேந்திரருக்கு ஒரே கவலை. தர்பாருக்கு ஈ காக்கா வருவதில்லை. வழக்கு இல்லை, பாட்டு இல்லை, புகழக்கூட ஆள் இல்லை. கொட்டாவி விட்டு விட்டு அவருக்கு வாயே வலித்தது.

"ஏன் ஐயா யாருமே வருவதில்லை?" என்று விகடகவி பிச்சாண்டியைக் கேட்டார்.

"வாசலில் கேட்கிற கேள்விகள்தான் காரணம், மகாராஜா. பேர், ஊர் கேட்டால் சரி. குறட்டை விடுவாயா, மனைவி செல்லமாக எப்படிக் கூப்பிடுவாள் என்றெல்லாமா கேட்பது? குதிகாலில் வெடிப்பு என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டார். வெளியே வருவதற்குள் களிம்பு வியாபாரிகள் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்கள்!"

கோட்டைவாசல் அதிகாரி குமாரமுத்து பதறினார். "எல்லாம் தங்கள் பாதுகாப்புக்காக, பிரபு! அவர்கள் சொன்னதெல்லாம் என் நெஞ்சுக்குள் பூட்டிக் கிடக்கிறது."

மன்னர் நம்பினார். நம்பித்தானே ஆக வேண்டும்? அந்தக் கேள்விகளுக்கு முத்திரை குத்தியவரே அவர்தான்.

"பிச்சாண்டி, இவர் வாயிலிருந்து விஷயம் கசிகிறது என்று காட்டு. இல்லாவிட்டால் உன் மீசையை நானே சிரைத்துவிடுவேன்."

பிச்சாண்டியின் கை தானாக மீசைக்குப் போனது.

மறுநாள் மன்னர் கோயிலுக்குப் போய்த் திரும்பினார். கோட்டைவாசலில் பல்லக்கின் குறுக்கே வேல்கள் நீண்டன.

"யாரைத் தடுக்கிறீர்கள்? நான் ராஜா!"

"தெரியும், பிரபு," என்று நடுங்கினார் குமாரமுத்து. "ஆனால் 'உள்ளே வருகிற எவரையும் கேள்' என்பதுதானே தங்கள் உத்தரவு? எவரையும் என்றால் தாங்களும்தானாம். பிச்சாண்டி சொல்கிறார்."

ஊரே வேடிக்கை பார்த்தது. மறுத்தால் தம் அதிகாரியைத் தாமே நம்பவில்லை என்றாகிவிடும். மன்னர் பல்லைக் கடித்துக்கொண்டு, குமாரமுத்துவின் காதோடு பதில் சொன்னார். குறட்டை உண்டு. ராணி கூப்பிடுவது 'பட்டுக்குட்டி'.

"எதைக் கண்டால் பயம், பிரபு?"

மதயானைக்கு எதிரே அசையாமல் நின்றவருக்கு இப்போது குப்பென்று வேர்த்தது. "பல்லி," என்று முணுமுணுத்தார். "விஷயம் வெளியே போகாதல்லவா?"

"உயிரே போனாலும் போகாது!"

விடிந்ததும் அரண்மனை வாசலில் ஒரே இரைச்சல். தர்பாருக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று மன்னர் ஆசையாக மேல்மாடத்துக்கு ஓடினார்.

"பல்லி விரட்டும் புகை! மன்னர்களுக்குச் சலுகை!"

"பல்லி விழும் பலன் பார்ப்போம்! தலையில் விழுந்தால் ஒரு விலை, கிரீடத்தில் விழுந்தால் ஒரு விலை!"

"ஒரு தடவை வாங்கிப் பாருங்கள், பட்டுக்குட்டி மகாராஜா!"

அந்தப்புரத்தில் ராணி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

"குமாரமுத்து!" என்று கர்ஜித்தார் மன்னர்.

"யாரிடமும் சொல்லவில்லை, பிரபு! என் மச்சானிடம் மட்டும்தான். அவனும் நம்பிக்கையான வியாபாரிகளிடம் மட்டும்தான் சொல்வான்."

"யாரைக் கேட்டுச் சொன்னாய்?"

"வாசலுக்குள் கால் வைத்தாலே சம்மதம் என்று தூணுக்குப் பின்னால் எறும்பு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேனே!"

மன்னர் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொன்னார். இனி வாசலில் பேரும் வந்த காரியமும் மட்டுமே கேட்க வேண்டும். கேட்டதை வெளியே சொல்பவனுக்குச் சிறை. குமாரமுத்துவுக்கு அன்று முதல் அரண்மனையில் பல்லி விரட்டும் உத்தியோகம்.

பிறகு பிச்சாண்டி பக்கம் திரும்பினார். "மீசை பிழைத்தது! உனக்கு ஒரு வண்டி நிறையப் பரிசு அனுப்புகிறேன். உன் வீடு எந்தத் தெரு?"

பிச்சாண்டி கைகூப்பினார். "மன்னிக்க வேண்டும், மகாராஜா. அந்த விவரமெல்லாம் நான் யாருக்கும் தருவதில்லை. வண்டியைக் கொடுங்கள், நானே ஓட்டிக்கொண்டு போகிறேன்."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது.