முக்காலிப்பட்டியில் வளர்ந்த வெளிநாட்டுப் பிள்ளைகள்

முக்காலிப்பட்டிக்காரர்கள் தங்கமான மனிதர்கள். எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அந்த ஊருக்குப் போனால் வாயைத் திறப்பதில்லை.

அந்த ஊர் வழியாகத் தினமும் டவுன் பஸ் போகும், ஆனால் நிற்காது. ஊராட்சித் தலைவர் வெள்ளைப்பாண்டி தேர்தல் சூட்டில், "பொங்கலுக்குள்ள பஸ்ஸை நம்ம ஊர்ல நிறுத்திக் காட்டலன்னா மீசையை எடுத்துடுதேன்" என்று மைக்கில் முழங்கிவிட்டார். அது லேசுப்பட்ட மீசை இல்லை. பக்கத்துக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை நிறுத்தலாம். பொங்கல் நெருங்க நெருங்க மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. சலூன்காரர் எதிரே வந்தால் பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுவார்.

அந்த நேரத்தில்தான் கலைத்துறை அதிகாரி திலகவதி ஒரு லாரி நிறைய உலக நாட்டுப்புற இசைக்கருவிப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். டவுன் மண்டபத்தில் கூரை ஒழுகுகிறதாம். வெள்ளிக்கிழமை கண்காட்சி முக்காலிப்பட்டி சமுதாயக் கூடத்தில்தான் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டதாம்.

"தலைவரே, எல்லாம் கடல் தாண்டி வந்தது. விழா வரைக்கும் பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கங்க. நல்லபடியா முடிஞ்சா பஸ் நிக்கிறதுக்கு நானே பேசுறேன்" என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவரும் பார்த்ததில்லை.

வெள்ளைப்பாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே ஊரைக் கூட்டினார்.

"பெத்த பிள்ளைன்னா எத்தனை வயசுப் பிள்ளை?" என்று தச்சர் ஆவுடையப்பன் கேட்டார். நியாயமான கேள்விதான்.

"இதுல ஒண்ணுக்காவது நடக்கத் தெரியுதா, பேசத் தெரியுதா? எல்லாம் கைப்பிள்ளைதான்" என்றாள் கோமதியக்கா. ஊரில் பிறந்த குழந்தைகளை எல்லாம் குளிப்பாட்டிய கை அவளுடையது. மறுபேச்சுக்கு இடமில்லை.

வெந்நீர் போட்டார்கள். எண்ணெய் தேய்த்து, பயத்தமாவு போட்டு, ஒவ்வொன்றாகக் காலில் கிடத்திக் குளிப்பாட்டினாள். ஆப்பிரிக்காவின் ஜெம்பே மேளத்துக்குத் தோல் ஊறித் தொங்கிவிட்டது. "வயிறு எப்படி ஒட்டிக் கிடக்கு பாரு. பட்டினி போட்டுருக்காவ, படுபாவிங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து ருஷ்யாவின் பாலலைக்கா. முக்கோண உடம்பும் மூன்று தந்தியுமாக இருந்தது. கோமதியக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பிறந்தப்பவே தலையை உருட்டிவிடாம விட்டுட்டாவ. மூணு மூலையும் முட்டிக்கிட்டு நிக்கு."

"இப்ப உருட்டினா வருமா அக்கா?" என்று வெள்ளைப்பாண்டி கவலையோடு கேட்டார்.

"முத்திப்போச்சு. கைக்கு மசியாது."

ஆவுடையப்பன் இழைப்புளியை எடுத்து வந்தார். சாயங்காலத்துக்குள் பாலலைக்காவின் தலை தேங்காய் மாதிரி உருண்டையாகிவிட்டது. திருஷ்டி பட்டுவிடக் கூடாதே என்று கன்னத்தில் பெரிதாக ஒரு மைப்பொட்டும் வைத்தார்கள்.

ஸ்காட்லாந்தின் பைக்குழலைத் தூக்கும்போது யாரோ பையை அழுத்திவிட, அது வீறிட்டது. ஊரே பதறிவிட்டது. "பசிக்குதுல்லா!" என்று நாலைந்து பேர் பாலோடு ஓடி வந்தார்கள். பை நிரம்பியதும் சத்தம் நின்றது. ஆஸ்திரேலியாவின் டிஜெரிடூதான் படுத்தி எடுத்தது. ஆள் உயர மரக்குழாய் அது. மேலே ஊற்றிய பால் எல்லாம் அப்படியே கீழே வந்தது.

"வயித்துப்போக்கு" என்றாள் கோமதியக்கா.

வசம்பு உரைத்து ஊற்றினார்கள். அதுவும் வந்துவிட்டது. கடைசியில் வெள்ளைப்பாண்டியே யோசித்துக் கீழ் ஓட்டையைக் களிமண்ணால் அடைத்தார். போக்கு நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் ஒரு வைத்தியம் செய்துவிட்டதை நினைத்து அவருக்கு நெஞ்சு விம்மியது. பிறகு எல்லாவற்றுக்கும் சாம்பிராணிப் புகை போட்டுச் சேலைத் தொட்டிலில் கிடத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை விருந்தாளிகளோடு அதிகாரி வந்தார். கூடம் முழுக்கத் தொட்டில். வெள்ளைப்பாண்டி உதட்டில் விரலை வைத்து, "மெதுவா வாங்கம்மா. இப்பத்தான் கண் அசந்துச்சு" என்றார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த வித்வான் ஒருவர் அதற்குள் பைக்குழலை எடுத்து, தம் பிடித்து ஊதிப் பையை அழுத்தினார். பால் உள்ளே கிடந்து நன்றாக உறைந்திருந்தது. முன்வரிசை முழுவதும் தயிர்.

"ஐயோ, பிள்ளை கக்கிட்டே!" என்று கோமதியக்கா துண்டோடு ஓடினாள்.

அதிகாரிக்குக் கண்ணாடியைத் துடைத்த பிறகுதான் பேச்சே வந்தது. "பஸ்ஸாவது மண்ணாவது! முதல்ல இதையெல்லாம் பழுது பார்க்க இப்பவே டவுனுக்குக் கொண்டு போகணும்!" லாரி மறுநாள்தான் வரும். அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் வரவே, அதிகாரி நடுரோட்டில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

பஸ் நின்றது. முக்காலிப்பட்டியில் நின்றது! வெள்ளைப்பாண்டி இரண்டு கையாலும் மீசையைத் தடவிக்கொண்டு ஓவென்று அழுதார்.

பஸ் காலியாக வந்திருந்தது. சீட்டுக்கு ஒன்றாகக் கருவிகளைக் கிடத்தினார்கள். "பெத்த பிள்ளைகளைத் தனியாவா அனுப்பப் போறீய?" என்று கோமதியக்கா கேட்டதும் ஊரே கூடப்போகக் கிளம்பிவிட்டது.

"அதான் பின்னால இடம் கிடக்கே, ஏறுங்க அண்ணாச்சி" என்றார் கண்டக்டர்.

வெள்ளைப்பாண்டி எட்டிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார்: "நாங்க ஏறினா முழிச்சிக்கிடும். நீரு பைய ஓட்டச் சொல்லும்வே."

பஸ் மெதுவாக நகர்ந்தது. பின்னால் மொத்த ஊரும் சத்தம் காட்டாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது. முன்னால் நடந்த வெள்ளைப்பாண்டி மீசையை முறுக்கிவிட்டு, ஊரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தியளா? நம்ம ஊருக்கு பஸ் வந்துட்டு. இனிமே யாரும் டவுனுக்கு நடக்க வேண்டாம்."

"ஆமா தலைவரே" என்று டவுன் வந்து சேரும்வரை எல்லோரும் சொல்லிக்கொண்டே நடந்தார்கள்.