கண்ணியைப் பிடிக்கும் கை

"ஒத்தை ஆளாக் கட்டுற மாதிரி ஒரு முடிச்சு வேணும் வாத்தியாரே. அறுந்து போகக் கூடாது."

தொபியாஸ் இப்படிக் கேட்டபோது பெர்க்மான்ஸ் தூண்டில் வளைவின் கடைசிக் கல்லில் உட்கார்ந்து முள்ளில் இறாலைக் கோத்துக்கொண்டிருந்தார். கடலுக்குள் நீட்டிப் போட்ட அந்தக் கருங்கல் வரிசையில் தூண்டில் போடுகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் வாத்தியார். தொபியாஸைவிட வயதில் இளையவர்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தொபியாஸ் வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் கயிறு நடு மூன்று விரல்களையும் எடுத்துக்கொண்டபின் அதில் மிஞ்சியது பெருவிரலும் சுண்டுவிரலும்தான். பிறகு எந்தப் படகும் அவனைக் கூப்பிடவில்லை. கரையிலிருந்து தூண்டில் போடக் கற்றுக்கொண்டான். கம்பைப் பிடிக்க வந்தது, ரீலைச் சுற்ற வந்தது. முடிச்சுப் போட மட்டும் வரவில்லை.

"இதுவரைக்கும் யாரு கட்டினா?"

"வீட்டுல கட்டிக் குடுத்தா."

அவன் மனைவி தெக்லா அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் முள்ளைக் கட்டி ஈயக் குண்டைக் கோத்து வைத்துவிடுவாள். அவள் கட்டியதில் எதுவும் அறுந்ததில்லை. அது தெரிந்துதான் கல்லில் இருந்தவர்கள் ஆரம்பித்தார்கள். மீன் பிடிப்பது தெக்லா, சுமந்துகொண்டு போவதுதான் தொபியாஸ் என்றார்கள். அவ சேலையையும் உடுத்திக்கிட்டு வாரும்வே, மீனுக்கு ஆள் அடையாளம் தெரியும் என்றான் கிளாடியஸ். தொபியாஸும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்குப் போய், இனிமேல் என் முள்ளைத் தொடாதே என்று சொல்லிவிட்டான்.

அது நடந்து ஒரு மாதம். இடது கையாலும் பல்லாலும் அவனே கட்டினான். சின்னக் கிழங்கான் மீன் வந்தது. அதைவிடப் பெரியது எதுவும் கரை சேரவில்லை. நேற்று ஒரு பாறை மீன் கல்லுக்குப் பக்கத்திலேயே வெள்ளையாகப் புரண்டு, அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முள்ளோடு போய்விட்டது.

ஐஸ் கம்பெனியில் காவலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்றான் தொபியாஸ். இன்றைக்கு முடிச்சு கிடைக்காவிட்டால் கம்பை விற்றுவிட்டு அங்கே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடப் போவதாகச் சொன்னான்.

பெர்க்மான்ஸ் கையை நீட்டினார். தொபியாஸ் தன் தூண்டிலைக் கொடுத்தான்.

வாத்தியார் முடிச்சுக்குச் சற்று மேலே தூண்டில் நரம்பை உதடுகளுக்கு நடுவில் வைத்து மெல்ல இழுத்தார். கண்ணுக்குத் தெரியாத கீறலும் உதட்டில் தட்டுப்படும்.

"பல்லு பட்டிருக்கு."

"வேற என்ன செய்ய?"

வாத்தியார் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தார். பல் பட்ட இடத்தில் அறுந்தது.

தொபியாஸுக்கு ரோஷம் வந்தது. பெட்டியைக் கிளறி, அடியில் நரம்போடு கிடந்த பழைய முள் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். இதுவும் தான் கட்டியதுதான், இதைப் பாரும் என்றான்.

வாத்தியார் அதையும் உதட்டில் வைத்து இழுத்தார். இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். வெயிலில் பிடித்து, முடிச்சின் சுற்றுகளை வெகுநேரம் பார்த்தார்.

"இதைக் கட்டின ஆளை வீட்டுல வச்சுக்கிட்டு எங்கிட்ட ஏன் வந்தீங்க அண்ணே?"

தொபியாஸ் பெட்டியை மூடினான்.

வாத்தியார் நரம்பில் இரண்டு கையையும் விரித்த அளவுக்கு ஒரு பாகம் உருவி இரண்டாக மடித்தார். நீளமான கண்ணி ஒன்று வந்தது.

"பிடிங்க."

தொபியாஸ் இடது கையை நீட்டினான்.

"அது இல்ல. அந்தக் கை."

வலது கையை நீட்டினான். பெருவிரலிலும் சுண்டுவிரலிலுமாகக் கண்ணி விழுந்தது. இடையில் ஒன்றுமில்லாததால் கவட்டையில் மாட்டியதுபோல விரிந்து நின்றது. வாத்தியார் எச்சில் தொட்டுக்கொண்டு, இரண்டு இழைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக முறுக்கத் தொடங்கினார். முறுக்கு ஏற ஏற கண்ணி சுருங்கி விரல்களை இழுத்தது.

"இப்ப விரிங்க. மெதுவா."

விரித்தான். முறுக்கு இறுகியது. வாத்தியார் கையிலிருந்த முனை தானாக உருண்டு அதன்மேல் சுற்றிக்கொண்டது. கடைசியில் இரண்டு சின்ன முடிச்சு.

கண்ணியைக் கல்லின் மூக்கில் மாட்டினார். இழுங்க என்றார்.

தொபியாஸ் நரம்பை இடது முன்னங்கையில் சுற்றிக்கொண்டு, காலை ஊன்றி, நேற்றைய பாறை மீனை நினைத்து இழுத்தான்.

நரம்பு அறுந்தது. முடிச்சு இருந்தது.

அவன் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான்.

"இதை ஒத்தை ஆளா எப்படிக் கட்டுறது?"

"கட்ட முடியாது."

"உங்களுக்குப் பத்து விரல் இருக்கே."

"முழங்காலையும் சேர்த்துக்கிட்டாக் குட்டையா ஒண்ணு கட்டலாம். இந்த நீளத்துக்கு எட்டாது. யாராவது பிடிக்கணும்."

"உங்களுக்கு யாரு பிடிப்பா?"

"கிளாடியஸ்."

தொபியாஸ் சிரித்துவிட்டான். ஒரு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. பிறகு கேட்டான்:

"அப்போ ஒத்தை ஆளாக் கட்டுற முடிச்செல்லாம் எதுக்கு வாத்தியாரே?"

"கிழங்கானுக்கு."

பெர்க்மான்ஸ் எழுந்து, இறால் கோத்த தன் தூண்டிலை வீசிவிட்டு ஈயம் அடியில் தட்டுவதற்காகக் காத்து நின்றார்.

அவன் வீட்டுக்கு வந்தபோது தெக்லா வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தொபியாஸ் அவள் எதிரே குந்தி உட்கார்ந்தான். நரம்பை மடித்து வலது கையில் மாட்டிக்கொண்டு, கையை அவளுக்கு முன்னால் நீட்டினான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அந்தக் கையை அவளிடம் அப்படி நீட்டியதில்லை.

அவள் கையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

எப்படி முறுக்க வேண்டும், எத்தனை சுற்று, எப்போது விரிக்கச் சொல்ல வேண்டும் என்று அவன் வாத்தியார் செய்ததையெல்லாம் சொன்னான். அவள் முறத்தைத் தள்ளி வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு இழைகளையும் எடுத்தாள்.

முறுக்கத் தொடங்கினாள். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் விரல்களில் ஒரு சின்ன இழுப்பு வந்தது. முழங்கை வரை தெரிந்தது. கிழங்கானை மட்டும் கொண்டுவந்து போட்ட இந்த ஒரு மாதமும் அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் குழம்பு வைத்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு முந்திய மாதங்களில் ஒரு விடியலில்கூட அவள் முள் கட்டாமல் இருந்ததில்லை என்பதும்.

"தெக்லா," என்று ஆரம்பித்தான். "இத்தனை நாளா நீ எனக்கு..."

"பேசாதீங்க. எண்ணிக்கை தப்புது."